அணுக்களை ஓடவிட்டுப் பார்த்தவர்

கே: கணினி சிமுலேஷன் என்றால் வெளிநாட்டார் பெயர்களே காதில் விழுகின்றன. நம் நாட்டவர் யாரும் இல்லையா?

ப: முன்வரிசையிலேயே இருக்கிறார். அனீசுர் ரஹ்மான். 1927இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பெல்ஜியத்தின் லூவெனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1960இல் சிகாகோ பக்கத்து ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார்.

கே: அப்படி என்ன சாதித்தார்?

ப: ஒரு திரவத்தின் அணுக்களைக் கணினிக்குள் ஓடவிட்டார். ஆல்டர், வெய்ன்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் அவருக்கு முன்பே இதைச் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய அணுக்கள் மோதித் தெறிக்க மட்டுமே தெரிந்த கெட்டிக் குண்டுகள். ரஹ்மான் 1964இல் 864 ஆர்கான் அணுக்களுக்கு இயல்பான குணத்தையே கொடுத்தார்: சற்றுத் தள்ளியிருந்தால் ஈர்ப்பு, நெருங்கினால் விலக்கு. விசையைக் கணக்கிடு, நியூட்டன் விதிப்படி நகர்த்து, மறுபடி கணக்கிடு. ஒவ்வோர் அடியும் விநாடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு! அணுக்கள் பரவும் வேகம் ஆய்வகத்தில் அளந்ததோடு ஒத்துப்போனது. எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்தது. முன்னே பாயும் அணுவைச் சுற்றியிருப்பவை திருவிழாக் கூட்டம்போலப் பின்னுக்குத் தள்ளுவது அந்தக் கணக்கில் தெரிந்தது. எந்தக் கண்ணும் நேரில் காண முடியாத காட்சி அது.

கே: அதென்ன 864? ராசி எண்ணா?

ப: கூட்டினால் 9 வரும், ஆனால் கணக்கு வேறு. அணுக்களை முதலில் படிகம்போல அடுக்கித் தொடங்குவது வழக்கம். ஆர்கான் படிகத்தின் ஓர் அலகுக் கட்டத்தில் 4 அணுக்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 6 கட்டங்கள் அடுக்கினால் 864.

கே: ஒரு சொட்டில் கோடானுகோடி அணுக்கள். இந்தக் கைப்பிடியளவு எப்படிப் போதும்?

ப: பெட்டிக்குச் சுவரே இல்லை. வலப்பக்கம் வெளியேறும் அணு இடப்பக்கம் உள்ளே வரும். அதனால் எந்த அணுவும் ஓரத்தில் நிற்பதில்லை. எல்லாமே நடுத்திரவத்தில் இருப்பதாக உணரும்.

கே: தண்ணீரையே எடுத்திருக்கலாமே?

ப: எடுத்தார், 1971இல், சக ஆய்வாளர் ஸ்டிலிங்கருடன், 216 மூலக்கூறுகள். ஆர்கான் உருண்டையான ஒற்றை அணு, யாரோடும் கைகோக்காது. தண்ணீர் மூலக்கூறோ திசை பார்த்துக் கைகோக்கும். எளியதில் தொடங்கியது சரியான முடிவு.

கே: நோபல் கிடைத்ததா?

ப: இல்லை. அறுபதைத் தொடுமுன், 1987இல் காலமானார். சிக்கலான வேதி அமைப்புகளைக் கணினியில் மாதிரியாக்கியதற்கான நோபல் 2013இல்தான் வந்தது. அமெரிக்க இயற்பியல் கழகம் கணினி இயற்பியலுக்கு அவர் பெயரில் பரிசு தருகிறது. நம் பாடப்புத்தகங்களிலும் அவருக்கு ஒரு பக்கம் வேண்டும்.

கே: கல்லூரி மாணவன் நான். வீட்டில் செய்து பார்க்கலாமா?

ப: தாராளமாக. உங்கள் லேப்டாப்பே போதும். அதே 864 அணுக்கள், அவர் எடுத்த அதே 94.4 கெல்வின் வெப்பநிலை. முதலில் மொத்த ஆற்றல் மாறாமல் நிற்கிறதா பாருங்கள். நழுவினால் நேர அடியைச் சிறிதாக்குங்கள்.