டின்னில் வரும் இலையுதிர்காலம்
ஜப்பானில் இலையுதிர்காலம் மரத்துக்கு வருமுன் கடைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, பீர் டின்களில் மேப்பிள் இலை சிவந்து நிற்கும். கிரின் நிறுவனம் 1991இலிருந்து 'அகியாஜி' என்ற பருவ பீரை விற்கிறது. மரங்கள்தான் இன்னும் பழகவில்லை.

சைடிஷ், வீட்டில் வறுத்த கிங்கோ பருப்பு. கிங்கோ மரத்திலிருந்து தெருவில் விழுந்த பழத்தை மிதித்தால் குடலைப் புரட்டும் நாற்றம். சதையைக் கழுவிக் காயவைத்த கொட்டையைக் காகித உறைக்குள் போட்டு மைக்ரோவேவில் வைத்தால் பட்பட்டென்று வெடிக்கும். ஓட்டை நீக்கினால் பளிச்சென்ற பச்சை. மேலே ஒரு சிட்டிகை உப்பு. அளவு மீறினால் வலிப்பே வரலாம் என்பதால் தட்டில் எண்ணித்தான் வைப்பார்கள். டின்களுக்கு அந்தக் கணக்கு கிடையாதாம், அது பருவத்துக்குச் செய்யும் மரியாதை.