சிவப்புத் துணி சொல்லும் கதை

கேள்வி: 1940-இன் ஸ்பிட்ஃபயர் விமானத்தை 1/72 அளவில் செய்கிறேன். இறக்கை முன்விளிம்பில் சிவப்புச் சதுரங்கள் எதற்கு? அவசியமா?

பதில்: அவசியம்! எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளின் வாயை மூடிய துணி அது. தூசி புகாமல், உயரத்துக் குளிரில் துப்பாக்கி உறையாமல் காத்தது. முதல் குண்டே அதைக் கிழித்துக்கொண்டு பாயும். துணி முழுசாக இருந்தால் விமானி இன்னும் சுடவில்லை. கிழிந்திருந்தால் சண்டை போட்டுத் திரும்பியிருக்கிறார். அப்படியானால், சுட்டதன் அடையாளமாக இறக்கையின் அடியில் கரிப்புகைத் தடத்தையும் இழுத்துவிடுங்கள். 36 அடி 10 அங்குல இறக்கை உங்கள் மேசையில் வெறும் 15.6 செ.மீ.தான், கை நடுங்கக் கூடாது! எனக்குப் பிடித்தது பழைய கரியும் புதுத் துணியும். தோட்டா நிரப்பியாயிற்று, மனுஷன் மறுபடியும் கிளம்பிவிட்டார்!