மலைவழி மடிக்கணினி: பலாப்பழச் சான்றோடு ஒரு விசாரணை

ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோகத் தக்க மடிக்கணினி எது, அதிலும் லினக்ஸ் ஏற்றத் தக்கது எது என்னும் வினாவைத் தொல்காப்பியர் தொடவில்லை. ஆயினும் கருப்பொருள் பட்டியலின் கடைசியில் ‘பிற’வற்றுக்கும் அவர் இடம் விட்டிருப்பதால், குறிஞ்சித் திணையில் கணினியைச் செருக இலக்கணத் தடை ஏதுமில்லை என்க.

லினக்ஸ் இம்மலைக்குப் புதிது என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகாலக் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. அந்த இரண்டாம் வீட்டுக் கதவை எத்தனை பேர் தட்டினார்கள் என்பது தனி ஆராய்ச்சி. நிதி கிடைத்தால் செய்யலாம்.

அதே 2011இல்தான் திங்க்பேட் எக்ஸ்220உம் பிறந்தது. 12.5 அங்குலத் திரை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. சென்னை ரிச்சி தெருவில் “கம்பெனி கழிச்ச மால் சார், யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி எனக்கு ஒன்றை விற்றார்கள். ஒரே திருகைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையில் வரும். ராமை நாமே மாற்றலாம். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அது பழுதானால் போளூருக்கு இறங்கியும் பயனில்லை. பின்னால் துருத்தி நிற்கும் பெரிய பேட்டரியை அழகுக் குறை என்பர். பேருந்தில் கம்பியை ஒரு கையால் பிடித்தவனுக்கு மறுகையில் அதுவே கைப்பிடி.

இனித் தடைகளும் விடைகளும். உயரத்தில் ஹார்ட் டிஸ்க் திணறாதா? தட்டுக்கு மேல் அதன் முள் மெல்லிய காற்றுப் படுகையில்தான் மிதக்கிறது; காற்று மெலிந்தால் உரசும். ஆனால் அதற்குச் சுமார் 3,000 மீட்டர் வேண்டும். இம்மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூரே 725 மீட்டர்தான். ஆகவே அச்சம் வேண்டா.

லினக்ஸில் வைஃபை வராதே? இது பழைய பழி. வைஃபை சில்லுக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்: கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். 2023இல் வந்த டெபியன் 12 அந்த ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே வைத்து முடிச்சை அவிழ்த்தது. நான் தங்கிய வீட்டிலோ சிக்னலே கிடையாது. எல்லா இயங்குதளங்களும் அங்கே சமம்.

உறுதிக்கு வருவோம். 1962இல் முதலில் வெளிவந்த அமெரிக்க ராணுவத் தரம் 810, பொருளை 48 அங்குல உயரத்திலிருந்து 26 முறை போடச் சொல்கிறது. கீழே கான்கிரீட், அதன்மேல் 2 அங்குல ஒட்டுப்பலகை வைக்கலாம். மலைப்பாதையில் ஒட்டுப்பலகைக்கு எங்கே போவது? அன்றியும், கணினி எதன்மேல் விழும் என்று இவ்வளவு நுட்பமாக எண்ணியவர்கள், கணினியின்மேல் எது விழும் என்று அந்த இடத்தில் எண்ணவில்லை.

இக்குறையை நான் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கும் பேருந்தில் நிவர்த்தி செய்தேன். திட்டமிட்டு அல்ல. ஒரு கொண்டை ஊசி வளைவில், மேல்தட்டில் இருந்த பலாப்பழம் என் மடியிலிருந்த கணினிமேல் இறங்கிற்று. எடை, ஒரு பாட்டியின் கணக்குப்படி, “எட்டுக் கிலோ இருக்கும் தம்பி”. கணினிக்குக் கீறல்தான். பழம் பிளந்தது. பாட்டி விலை கேட்டார், கொடுத்தேன், பேருந்தே தின்றது.

ஆனால் ஒன்று. தண்ணீர் கொட்டினால் வடிந்தோட இதன் விசைப்பலகையில் வழி வைத்திருக்கிறார்கள். பலாப்பால் தண்ணீர் அன்று. நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் எல்லா விசைகளும் மீண்டன, எஃப் ஒன்று நீங்கலாக. தமிழ்99 முறையில் அதுதான் புள்ளி வைக்கும் விசை. இதைக் குறை எனக் கொள்ளலாகாது. ஓலைச்சுவடியிலும் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள். மேலும், ஒரே மெய் இரட்டிக்கும் இடத்தில் தமிழ்99 தானாகவே புள்ளி வைத்துவிடும். இதுவரை உள்ளதை நண்பர் வீட்டுக் கணினியில் அடித்தேன். கடைசி இரண்டு சொற்களுக்கு மட்டும் என் எக்ஸ்220ஐத் திறந்தேன். எஃப் விசையைத் தொட வேண்டியே வரவில்லை.

கட்டுரை முற்றிற்று