சிட்லபாக்கத்தில் ரெஃபரல்: பழைய சக ஊழியரைப் புதிய நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தல் குறித்த ஓர் ஆய்வு

முன்பு ஒரே நிறுவனத்தில் உடன் வேலை பார்த்தவரின் ரெஸ்யூமை, அங்கிருந்து விலகி வேறிடம் சேர்ந்துவிட்ட ஒருவர் தம் புதிய நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றி, அதன் கீழ் இரண்டு வரி நற்சான்றும் எழுதிவிடும் செயல் தாம்பரம் வட்டாரத்தில் 'ரெஃபரல்' எனப்படும். இவ்வழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டெனினும், ஒருபுறம் தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கிவரும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், மறுபுறம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியே சோழிங்கநல்லூருக்குச் செல்லும் சாலையும் எட்டும் தொலைவில் இருப்பதால், ஒரே தெருவில் நாலைந்து நிறுவனங்களின் அடையாள அட்டைகள் கழுத்தில் தொங்கக் காணப்படும் சிட்லபாக்கமே இதன் ஆய்வுக்கு உகந்த களமாகும்.

வழக்கம் புதியதன்று. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்த சீனிவாச ராமானுஜன், மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதத்தை உடன் வைத்தார். ஆயினும் இக்காலத்து ரெஃபரலின் உயிர்நாடியாகிய, பரிந்துரைத்தவருக்கு நிறுவனம் தரும் ஊக்கத்தொகைக்கு முன்னோடியைத் தேடுவோர் துறைமுகத்தைத் தாண்டிக் கடலுக்கு அப்பால் செல்லவேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி, தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிச் சென்று, தம் குழுவில் வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றார். ஆள் நின்றால்தான் காசு நிற்கும். தோட்டம் மாறும் தொழிலாளி தம் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டோடு செல்ல, புதிய தோட்டத்துரை அக்கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொண்டார். 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அந்தத் துண்டுக்கும், நோட்டீஸ் காலத்தில் மீந்த நாள்களுக்கான பணத்தைப் புதிய நிறுவனம் கட்டி ஆளை விரைந்து இழுத்துக்கொள்ளும் 'பைஅவுட்' முறைக்கும் உள்ள உறவு தனி நூலுக்குரியது. தோட்டத்தில் பட்ட துயரத்தை ஏசி அறையோடு ஒப்பிடுவது தகாது. கணக்கு மட்டுமே ஒன்று.

ரெஃபரலின் தொடக்கம் எப்போதும் நலவிசாரிப்பே. ஈராண்டு மௌனத்துக்குப்பின் ஒரு ஞாயிறு மாலை, "ஹாய் ப்ரோ, எப்படி இருக்கீங்க?" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக் கண்டதுமே அனுபவமுள்ள பரிந்துரையாளர் அதன் நான்காம் வரியை அறிந்துவிடுகிறார். இரண்டாம் வரி வீட்டாரின் நலத்தையும், மூன்றாம் வரி ஏரி நடைபாதையில் இப்போதும் நடக்கிறாரா என்பதையும் வினவ, நான்காம் வரி, "உங்க கம்பெனில ஏதாவது ஓப்பனிங் இருக்கா?" என்று வந்து சேர்கிறது. பதில் தட்டச்சாகி முடியுமுன்பே 'ஃபைனல் லேட்டஸ்ட் 2' என்ற பெயருடைய கோப்பும் வந்துவிடுகிறது.

இனி நற்சான்று. பழைய நிறுவனத்தின் காலைக் கூட்டங்களில் நெட்வொர்க் சரியில்லை என்று கூறி மைக்கை அடைத்துக்கொண்டவர் இங்கே 'தனித்து இயங்கும் ஆற்றல் மிக்கவர்' ஆகிறார். மூன்று மணிக்கு இருக்கையில் இல்லாமல் டீக்கடையில் இருந்தவர் 'குழுவோடு இணக்கமாகப் பழகுபவர்' ஆகிறார். இதைப் பொய் எனல் பொருந்தாது. டீக்கடையில் இணக்கமாகப் பழகியதற்குச் சான்றெழுதியவரே சாட்சி.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், சென்னைக்குச் சிட்லபாக்கம் போல் பாஸ்டனுக்குப் புறநகராகிய நியூட்டனில் வேலை மாறியோரை விசாரித்து 1973-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோருள் அடிக்கடி சந்திப்பவரால் பெற்றோர் நூற்றுக்குச் சுமார் 17 பேர். எப்போதாவது சந்திப்பவரால் பெற்றோர் சுமார் 56 பேர். நெருங்கியவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் உள்ளவரே புதுச்செய்தி கொண்டுவருவார் என்பது அவர் தந்த காரணம். காரணம் சரியே எனினும் பாதியே. நெருங்கியவரின் குறைகள் நினைவில் பசுமையாக இருப்பதால் அவரைப் பரிந்துரைக்கக் கை தயங்குகிறது. ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை சந்திப்பவரின் குறைகளோ மறந்துபோவதால், மனச்சான்று உறுத்தாமல் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்த முடிகிறது. இம்மீதிப் பாதியை நியூட்டனார் சொல்லவில்லை. சிட்லபாக்கத்தார் செய்கையால் சொல்லிவருகின்றனர்.

இதற்கொரு விதிவிலக்கு உண்டு. அது 'பின்னிருக்கைத் தேர்வு' எனப்படலாம். பரிந்துரைக்கப்படுபவர் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் போன்ற பக்கத்து ஊர்க்காரராக இருந்து, பெட்ரோல் செலவில் பாதியை ஏற்கவும் இரண்டாம் ஹெல்மெட்டைத் தாமே வாங்கவும் இசைந்தால், எத்தனை நெருங்கியவராயினும் அவர் குறைகள் அனைத்தும் மன்னிக்கப்படுகின்றன. மேடவாக்கத்து நெரிசலில் தனியாக நின்றவர் எவரும் இத்தேர்வைக் குறைகூறார்.

ஊக்கத்தொகையோ, புதியவர் சேர்ந்து பெரும்பாலும் 90 நாள் நிலைத்தபின்னரே வருகிறது. ட்ரீட்டோ ஆஃபர் கடிதம் வந்த அன்று மாலையே கேட்கப்படுகிறது. எண்பதாம் நாளில் அதைவிட நல்ல ஆஃபர் கிடைத்துப் புதியவர் விலகிவிடுமிடத்துத் தொகை வராது, தின்ற பிரியாணியும் திரும்பாது. ஆகவே 91-ஆம் நாளுக்கு முன் ட்ரீட் கொடுத்தல் கூடாது என்பதும், கொடுத்தே தீரவேண்டுமெனில் பில்லைப் புதியவரே கட்டுவது முறை என்பதும் இவ்வாய்வின் தீர்ப்பு.