பெருக்கல் குறி போட்டவருக்கு ஒரு மனு

பெறுநர்: எங்கள் தெருவில் குறி போட்டுவிட்டுப் போன அதிகாரி அவர்கள். (அலுவலகம் எதுவென்று யாரும் சொல்லவில்லை.)

பொருள்: மேற்படி குறியின் மேல் நெத்திலி காய்வது தொடர்பாக.

ஐயா,

ஜீப்பில் வந்த தங்கள் ஆட்கள், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து சிமென்ட் சாலை நடுவே வெள்ளை பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டு, ஓரத்தில் நம்பரும் எழுதினார்கள். எதற்கு என்று கேட்டோம். "மேலிடத்து வேலை" என்றார்கள். ஹெலிகாப்டர் இறங்கப்போகிறது என்றது ஒரு கட்சி. மாதா கோயில் தேர் நிற்கும் இடம் என்றது இன்னொன்று. ஆகாயத்தில் எடுக்கும் படத்தைத் தரையோடு பொருத்திப் பார்க்கவே இந்தக் குறி என்று பிறகுதான் தெரிந்தது. மேலிடம் என்பது நிஜமாகவே மேலிடம்தான்!

சிமென்ட் சூட்டில் நெத்திலி சீக்கிரம் காயும், மண்ணும் ஒட்டாது. ஆகவே படத்தில் குறி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளியாக ஏதாவது மின்னினால், கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

தாங்கள் அளப்பது கடலோர மண்டல வரைபடத்துக்காக என்று ஊகிக்கிறோம். ஓதம் ஏறும் ஏரிக்கரைக்கு 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 100 மீட்டர் வரை காவல் போட்டது. 2019 அறிவிக்கை அதை 50 ஆக்கியது. இந்தச் செய்தியை ஏரிக்கு யார் தெரிவித்தது? முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் ஓதமே ஏறாது. அன்றைக்கு அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பதாக உத்தேசம்? அளக்க வந்தவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்கள் இங்கேயே கல்லறையில் இருக்கிறார்கள். கோட்டை புதருக்குள் இருக்கிறது.

எங்களிடமும் கோடுகள் உண்டு ஐயா. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடத்தைப் பாடு என்போம். நல்ல பாடு ஒரே ஆளிடம் தங்காது. சீட்டுக் குலுக்கி, தலைக்கட்டு தலைக்கட்டாக முறை மாறும். பாடு கிடைக்காத மற்ற ஊர்க்காரர்களுக்கு எங்கள்மேல் வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் தண்ணீரில் பெயின்ட் ஒட்டாததால், எல்லை எது என்பதை ஆளாளுக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அத்துமீறினால் அன்றைக்கே ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிடும். தங்கள் ஆகாயப் படத்தில் இதில் ஒன்றும் விழாது.

மீனவர் ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் இடங்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்தப்படி பார்த்தால் மீன் உலர்த்தும் இடம் ஒன்றுக்குத் தாங்களே நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

மீதி வேலைக்குச் சீட்டுக் குலுக்கும் நாளில் தங்கள் ஆட்களை அனுப்புங்கள். படகு எங்களுடையது, டீசலும் எங்கள் செலவு. பாட்டின் எல்லையை ஏரியிலேயே கைகாட்டுகிறோம்; வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தைத் தமிழில், சர்வே நம்பரோடு, கண்ணுக்குத் தெரியும் அளவில் ஊருக்குள் ஒட்டிவிட்டு, அதன் பிறகு எங்களிடம் ஆட்சேபணை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குப்பத்தார்