மாமாவின் சுஜாதா

வேலையை விட்டுவிட்டுக் கதை எழுதப்போகிறேன் என்று கிளம்புகிறவனின் வாயை அடைக்கத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு பெயர் போதும்: சுஜாதா. என் மாமனார் அவருடைய கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆனால், சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தார் என்பது மட்டும் மாமாவுக்கு மனப்பாடம்.

"ஓட்டு மெஷினையே செஞ்சுக்கிட்டு வாராவாரம் தொடர்கதையும் எழுதினாரு மாப்பிள்ளை. நீங்க என்ன மெஷின் செஞ்சீங்க?"

நியாயமான கேள்விதான். சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து நான் செய்துகொண்டிருந்தது இதுதான்: ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்கான கட்டத்தை இரண்டு பிக்சல் இடப்பக்கம் நகர்த்துவது. நகர்த்தியதும், பக்கத்துக் கட்டம் கோணிக்கொண்டதென்று டெஸ்டர் டிக்கெட் போடுவார். அதையும் நகர்த்துவேன். ராத்திரி ஒன்பது மணி காலில் வரும் கிளையன்ட், முன்பு இருந்ததே நன்றாக இருந்தது என்பார். பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைப்பேன். வருஷக் கடைசியில் இதற்கு அப்ரைசலும் உண்டு.

மாமாவை மடக்க எனக்கு அசோகமித்திரன்தான் கைகொடுத்தார். 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டவர், பிறகு எழுத்தே கதியென்று இருந்தவர், சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர் என்று அடுக்கினேன்.

"விருது எப்ப குடுத்தாங்க?"

"1996-ல மாமா."

விரல் விட்டு எண்ணினார். "முப்பது வருஷம். அதுவரைக்கும் பாலுக்கு யாரு காசு குடுத்தா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. ராயல்டி கணக்கை அவரிடம் நான் எடுக்கவே இல்லை. வழக்கம் பத்து சதவீதம். 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். முன்பு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த வருமான வரி இதைவிட அதிகம்.

ஆனால், மாமாவின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தவர். வேலையோடு எழுதியவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜவுளிக்கடைக்கு ஆள் வரும். கல்யாணப் புடவையில் சண்டை வரும். எங்கள் ஏழாவது மாடிக்கு யார் வந்தார்கள்? நாங்கள் எல்லோரும் காதில் ஹெட்செட்டோடு நியூ ஜெர்சியோடு பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்காரருக்குக் குழந்தை பிறந்ததே எனக்கு கேக் வெட்டக் கூப்பிட்ட மெயிலில்தான் தெரிந்தது. இதில் எங்கே கதை எழுதுவது?

ராஜினாமாவைக் கொடுத்ததும் மேனேஜர் அக்கறையாகத்தான் கேட்டார். "கதையா? ஒரு கதைக்கு எத்தனை மணி நேரம் எஸ்டிமேட்?" எச்.ஆர். பெண்ணின் கம்ப்யூட்டரில் விலகும் காரணங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது: மேற்படிப்பு, திருமணம், வேறு நிறுவனம், உடல்நலம். சிறுகதை இல்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'உடல்நலம்' என்பதை கிளிக் செய்தாள்.

பாலுக்குக் காசு வேண்டுமே, அதற்குத்தான் வாத்தியார் வேலை. ஒரு வருஷப் படிப்பாக இருந்த பி.எட்.டை, நான் வருவது தெரிந்ததுபோல, 2015-இல் இரண்டு வருஷமாக்கி வைத்திருந்தார்கள். அதையும் முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். தமிழ் எடுக்க ஆசை என்றேன். தலைமையாசிரியர் என் பி.இ. சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார், சிரித்தார், ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தை நீட்டினார். திறந்தால் பைத்தான். கூடவே ஆபீஸ் ரூம் பிரிண்டரும் என் பொறுப்பில் வந்தது. அதற்கு ஆர்டரெல்லாம் கிடையாது, பேப்பர் சிக்கினால் ஆளனுப்புவார்கள்.

முதல் நாளே கடைசி பெஞ்ச் கேட்டது, "சார், உங்களைத் துரத்திட்டாங்களா?" பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவனை எப்படியாவது ஐ.டி. கம்பெனியில உக்கார வெச்சிடுங்க சார். உங்களை நம்பித்தான் இந்த ஸ்கூல்ல சேர்த்தேன்." தப்பி ஓடிவந்தவனிடமே வழி கேட்கிறார். சொன்னேன், எந்தப் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டுமென்று விலாவாரியாகவே சொன்னேன்.

எழுத நேரம் கிடைக்கிறதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேர்வுக் கண்காணிப்பு இருக்கிறதே! செல்போன் கூடாது, படிக்கக் கூடாது, உட்காரக் கூடாது. மூன்று மணி நேரம் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே மனசுக்குள் எழுதலாம். எழுத்தாளர்களுக்கென்று அரசாங்கம் இவ்வளவு நல்ல வசதியை வேறெங்கும் செய்து கொடுக்கவில்லை.

இந்த அரையாண்டில் ப்ளஸ் ஒன் வரலாறு பரீட்சை. தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்த கதையின் இரண்டாவது பத்தியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசைப் பையன் எழுந்து அடிஷனல் ஷீட் கேட்டான். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டான். என்னதான் எழுதுகிறான் என்று குனிந்து பார்த்தேன். 1526, முதலாம் பானிபட் போர். வருஷம் சரி. மற்றபடி இப்ராஹிம் லோடி, போருக்கு முந்தின ராத்திரி, கூடாரத்தில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வசனத்தோடு. வெளியே பாபரின் பீரங்கியை இழுத்து வந்த மாடு ஒன்று படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

படிக்கக் கூடாது என்ற விதியை மறந்து பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் போய்விட்டேன்.

"அப்புறம் லோடி என்னடா பண்ணான்?" என்றேன் மெதுவாக.

"ஷீட் குடுங்க சார், சொல்றேன்."