ஐந்து ரூபாய் ஜமீன்தார்

சென்னை மாநகரப் பேருந்தில் 'முதியோர்' என்று எழுதிய இருக்கையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைக்காதீர்கள். தனக்கு வயதாகும்வரை அந்த இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதே என்று இப்போதிருந்தே காவல் காக்கிறார்.

கிண்டி வரை நன்றாகத்தான் விழித்திருந்தார். காதில் எதையும் மாட்டாமல் ரீல்ஸ் ஓடவிட்டு, வண்டிக்கே பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கிண்டியில் ஒரு பாட்டி கம்பியைப் பிடித்துப் படிப்படியாக ஏறி வந்து பக்கத்தில் நின்றதும், எங்கிருந்தோ உறக்கம் வந்துவிட்டது. தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. கையில் பாட்டு மட்டும் ஓடுகிறது. பிரேக் போடும்போதெல்லாம் பாட்டி அவர் தோள்மேல் விழுகிறார். கண் திறக்கவில்லை. கண்டக்டர் மீதிச் சில்லறையோடு வந்தபோது மட்டும் திறந்தது.

கொஞ்சம் ஈரமுள்ளவர்கள் உயில் எழுதுவார்கள். "நான் தேனாம்பேட்டையில இறங்கிருவேன், நீங்க உட்கார்ந்துக்கங்கம்மா." வண்டி இன்னும் சைதாப்பேட்டையையே எட்டவில்லை. அதற்குள் அந்தம்மா நன்றி சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணி என்றால் விசாரணை உண்டு. வயிறு மேடிட்டிருந்தால்தான் சான்று செல்லும். மூன்றாம் மாத மசக்கையில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குப் பயணம் இலவசமானது. அன்றிலிருந்து இவர்களுக்குப் புது நியாயம் ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது: "ஓசியில வர்றவங்க நின்னுக்கிட்டு வரட்டுமே!" 2018 கட்டண உயர்வுக்குப் பிறகு குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்கு இருக்கை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் அண்ணா சாலை எல்லாவற்றுக்கும் பட்டா வாங்கிவிட்டார்கள். விடிவதற்குள் கிளம்பி நாலு வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்புகிறவள் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் வரி இருக்கிறது, அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கும் ஈட்டுத் தொகையில் அவள் காசும் இருக்கிறது என்று ஜமீன்தாருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த அமைச்சர் பொன்முடியே 2022-ல் மேடையேறி 'ஓசி' என்றுதான் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை நாற்றம் என்று பேருந்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். அவர் இருக்கைகூடக் கேட்கவில்லை.

"வயசானவங்க நிக்கிறாங்க, யாராவது எழுந்திரிங்கப்பா" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். ஆண்கள் உட்கார்ந்திருந்த வலப் பக்கம் முழுக்கத் திடீர் செவிடு. கடைசியில் எழுந்தது யார் தெரியுமா? ஜவுளிக்கடை விற்பனைப் பெண். காலையிலிருந்து நின்றே புடவை விரித்துக் காட்டிய கால்கள், கணுக்கால் வீங்கியிருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியதே, இவளைப் போன்றவர்களுக்காகத்தான். எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கும் மரியாதை தெரியுது" என்று பக்கத்து இருக்கைப் பெரிய மனிதர் உட்கார்ந்தபடியே பாராட்டினார்.